அம்பாசடர் மார்க் 2: பிரேக் மிதித்தால் இடது பக்க டெயில் லைட் அணைகிறது

மண்டபம்மார்க்2:
எல்லாருக்கும் வணக்கம். மாமா வீட்டு அம்பாசடர், 1969 மாடல், மார்க் 2. மண்டபத்துல நிக்குது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரே ஒரு தெருதான். எஞ்சின் வேலை முடிஞ்சு, டிங்கரிங் முடிஞ்சு, போன மழைக்கு முன்னாடி பெயிண்டும் அடிச்சாச்சு. இப்ப பின் லைட்டுதான் பாடாய்ப் படுத்துது.

பார்க் லைட் மட்டும் போட்டா ரெண்டு பக்கமும் எரியும். இடது பக்கம் ஒரு பொட்டு மங்கல், ஆனா குறைன்னு சொல்ற அளவுக்கு இல்ல. அப்படியே பிரேக்க மிதிச்சா வலது பக்கம் பளிச்சுன்னு ஆகுது, இடது பக்கம் சுத்தமா அணைஞ்சுருது. கால எடுத்தா திரும்ப டெயில் லைட் வந்துருது. பல்ப மாத்தியாச்சு, வலதை இடதுல போட்டுப் பாத்தாச்சு, ஃபியூசும் பாத்தாச்சு. மல்டிமீட்டர் வச்சா ரெண்டு பக்கத்துக்கும் 12 வோல்ட்டுக்கு மேல வருது. எலக்ட்ரீசியன் ஒருத்தர் மொத்த வயரிங்கையும் உருவிப் போட்டுப் புதுசா இழுக்கணும்ங்கிறார்.

ராத்திரி பாம்பன் ரோட்டுப் பாலத்துல போகத்தான் யோசனையா இருக்கு. ரயிலைப் பாத்துட்டு முன்னாடி போற வேன்காரங்க திடீர்னு நிறுத்துறாங்க. நாம பிரேக் போட்டா பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்ல. எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

தொண்டி_ஜீப்:
எல்.இ.டி. பல்பு போடு தம்பி. முடிஞ்சது சோலி.

டெஸ்ட்லேம்ப்:
எல்.இ.டி. இப்ப வேண்டாம். பழுது என்னன்னு தெரியுறதுக்கு முன்னாடி அதைப் போட்டா, பழுது ஒண்ணு ரெண்டாகும்.

மண்டபம்மார்க்2, நீங்க எழுதின அறிகுறியிலேயே பதில் இருக்கு. இடது பக்க லைட்டுக்கு எர்த் இல்ல, அதாவது கரண்டு பாடி வழியா பேட்டரிக்குத் திரும்புற வழி இல்ல. வயரிங்க உருவ வேண்டாம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க: லைட் சுவிட்ச் எதுவும் போடாம, இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி, இருட்டுல பிரேக்க மிதிச்சா, நம்பர் பிளேட் லைட்டோ முன்னாடி பார்க் லைட்டோ லேசா மினுங்குதா?

சாயல்குடிசாமி:
பிரேக் மிதிச்சா நம்பர் பிளேட் லைட் எரியுமா? என்ன சார் கதை இது?

மண்டபம்மார்க்2:
டெஸ்ட்லேம்ப் சார், இப்பத்தான் தம்பிய மிதிக்கச் சொல்லிப் பாத்துட்டு வர்றேன். நம்பர் பிளேட் லைட் லேசா சிவந்து தெரியுது! இடது பக்கம் உள்ள சின்ன இழை மட்டும் மங்கலா எரியுது. பெரிய இழை எரியவே இல்ல. இது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சது?

டெஸ்ட்லேம்ப்:
விளக்கமா எழுதுறேன். அவசரம் உள்ளவங்க கடைசிப் பத்திய மட்டும் படிங்க.

பின்னாடி இருக்கிறது ரெண்டு இழை உள்ள பல்பு. 5 வாட் டெயிலுக்கு, 21 வாட் பிரேக்குக்கு. அடியில ரெண்டு ஈயப்பொட்டு, ஆளுக்கு ஒரு கரண்டு. ரெண்டு இழையோட மறுமுனையும் பல்போட பித்தளைக் கூட்டுல ஒண்ணா சேருது. கூடு ஹோல்டரத் தொடும், ஹோல்டர் பாடியத் தொடும், பாடி பேட்டரிக்குப் போகும். அந்தக் கடைசி வழி அறுந்துட்டா கூட்டுல சேர்ந்த கரண்டு வெளியேற வேற வழி தேடும்.

டெயில் மட்டும் போடும்போது: இடது 5 வாட் இழை வழியா வந்த கரண்டு, எர்த் கிடைக்காததால, பக்கத்துல இருக்கிற 21 வாட் இழைக்குள்ள தலைகீழா நுழைஞ்சு, பிரேக் வயரப் பிடிச்சு வலது பக்கம் போய், அங்க உள்ள 21 வாட் இழை வழியா எர்த்துக்கு இறங்குது. 5 வாட் இழை எரியும்போது அதோட தடை சுமார் 29 ஓம். எரியாத 21 வாட் இழைக்கு ஒரு ஓமுக்கும் கம்மி. அதனால குறுக்க ரெண்டு பெரிய இழை இருந்தும் டெயில் லைட் கிட்டத்தட்ட முழுசா எரியுது. பாக்குறவன் எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்குவான்.

பிரேக் மட்டும் மிதிக்கும்போது: இப்ப இடது 21 வாட் இழை வழியா வந்தது 5 வாட் இழைக்குள்ள நுழைஞ்சு சிவப்பு வயருக்குப் போயிருது. அந்த வயர்ல நம்பர் பிளேட் லைட், வலது டெயில், முன் பார்க் லைட் எல்லாம் தொங்குது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மினுங்கும். நீங்க பாத்தது அதுதான்.

ரெண்டும் சேர்ந்து போடும்போது: இடது பல்போட ரெண்டு பொட்டுலயும் 12 வோல்ட். கூட்டுலயும் 12 வோல்ட். வித்தியாசமே இல்லாத இடத்துல கரண்டு ஓடாது. அதான் அணையுது.

செய்ய வேண்டியது: ஒரு நீள வயர எடுங்க. ஒரு முனைய எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத போல்ட்டுல கட்டி, மறுமுனைய இடது ஹோல்டரோட கூட்டுல அழுத்திப் பிடிங்க. டெயில் போட்டு பிரேக்க மிதிக்கச் சொல்லுங்க. பளிச்சுன்னு எரிஞ்சா சந்தேகமே வேண்டாம்.

பாம்பன்வயர்மேன்:
டெஸ்ட்லேம்ப் சொன்னது நூத்துக்கு நூறு. நம்ம கரையில பத்து வண்டிக்கு லைட் எரியலன்னா ஒம்பது எர்த்துதான். பல்பு கடைக்காரந்தான் பணக்காரன் ஆகுறான்.

நான் விசைப்படகுக்கு வயரிங் பாக்குறவன். மரப் படகுல பாடி எர்த்துங்கிற பேச்சே கிடையாது. ஒவ்வொரு லைட்டுக்கும் போறது ஒரு வயர், வர்றது ஒரு வயர். காரு மட்டும் தகரத்த நம்பி இருக்கு. அந்தத் தகரமோ உப்புக் காத்துல அரிச்சுக்கிட்டு இருக்கு. வாடைக் காத்து அடிக்கிற மாசத்துல மண்டபம் வடக்குக் கரையில காலையில கண்ணாடிய விரலால தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, கரிக்கும். அதே உப்புத்தான் ஹோல்டருக்குள்ளயும் படியுது.

தம்பி, பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறம்தான இந்தக் கோளாறு?

மண்டபம்மார்க்2:
ஆமாண்ணே. அதுக்கு முன்னாடி வண்டி ரொம்ப நாள் ஓடவே இல்ல. ஆனா பெயிண்டுக்குக் கழட்டுறப்ப ரெண்டு பக்கமும் எரிஞ்சது, மாமா சொல்றார்.

பாம்பன்வயர்மேன்:
அப்ப விஷயம் அதுதான். லைட்டக் கழட்டிப் பெயிண்ட் அடிச்சு, அந்தப் பெயிண்டு மேலயே ரப்பர் வச்சு, அதுக்கு மேல லைட்ட முறுக்கி இருப்பாங்க. ரப்பர் எர்த் கொடுக்காது, பெயிண்டும் கொடுக்காது. பாக்கி இருக்கிறது டிக்கிக்குள்ள இருக்கிற அந்த நட்டு ஒண்ணுதான். அதுவும் துருப் பிடிச்ச நட்டா இருந்தா முடிஞ்சது கதை. டிக்கிய திறந்து நட்டு உக்காந்திருக்கிற இடத்தப் போட்டோ எடுத்துப் போடு.

தேவிபட்டினம்_பியட்:
எனக்கு ஒரு சந்தேகம். மல்டிமீட்டர்ல 12 வோல்ட் காட்டும்போது எப்படி எர்த் இல்லன்னு சொல்ல முடியும்? மீட்டர் பொய் சொல்லுமா? எங்க பத்மினி கார்லயும் இதே மாதிரி மீட்டர் எல்லாம் சரின்னு காட்டுது, லைட் மட்டும் மங்கல்.

டெஸ்ட்லேம்ப்:
மீட்டர் பொய் சொல்லாது. நீங்க கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். கறுப்பு முனைய எங்க வச்சீங்க? நல்லா இருக்கிற வேற பாடி மெட்டல்ல வச்சிருப்பீங்க. ஹோல்டர் வரைக்கும் கரண்டு வருதான்னு கேட்டிருக்கீங்க, வருதுன்னு அது சொல்லிருச்சு. திரும்பிப் போகுதான்னு யாரும் கேக்கல.

இன்னொண்ணு. மீட்டர் இழுக்கிற கரண்டு ஒண்ணுமே இல்ல. வயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாக்கூட 12 வோல்ட் காட்டும். பிரேக் பல்பு இழுக்கிறது முக்கால் ஆம்பியரோ அரை ஆம்பியரோ இல்ல, 1.75 ஆம்பியர். ரெண்டு பக்கமும் சேர்ந்து 3.5. அந்த ஒத்த இழையால அதத் தாங்க முடியாது, வோல்ட் விழுந்துரும். அதனால பழைய 21 வாட் பல்பு ஒண்ண ஹோல்டரோட எடுத்து ரெண்டு வயர் கட்டி வச்சுக்கங்க. என் பேருல இருக்கிற டெஸ்ட் லேம்ப் அதுதான். அது எரிஞ்சா வயர் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

மீட்டர் வேணும்னா இப்படிப் பாருங்க: பல்பு ஹோல்டர்லயே இருக்கட்டும், பிரேக்க மிதிச்ச நிலையில மீட்டரோட ஒரு முனை ஹோல்டர் கூட்டுல, இன்னொரு முனை பேட்டரியோட எர்த் முனையில. அரை வோல்ட்டுக்குக் கீழ இருக்கணும். அதுக்கு மேல போனா அந்த வழியில எங்கயோ துரு உக்காந்திருக்கு. 12 வோல்ட் பல்புக்கு 10 வோல்ட்தான் கிடைச்சா வெளிச்சம் கிட்டத்தட்டப் பாதியாயிரும். பத்மினியோட மங்கலுக்கும் இதுதான் காரணமா இருக்கும்.

கீழக்கரை_காக்கா:
அஸ்ஸலாமு அலைக்கும். லாரிப் பட்டறையில இருந்து ரிட்டையர் ஆனவன். ஒரு வார்த்தை. பழைய மார்க் 2ல பாசிட்டிவ் எர்த், அதான் பேட்டரியோட பிளஸ் முனை பாடிக்குப் போறது, அப்படி வர்ற வண்டி இருக்கு. பேட்டரியில எந்த முனை பாடிக்குப் போகுதுன்னு முதல்ல பாத்துக்க தம்பி. சாதா பல்புக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணுதான். எல்.இ.டி. போடு, ரேடியோ போடுன்னு யாராவது சொன்னா அப்பத்தான் வம்பு. எல்.இ.டி.ய திருப்பிப் போட்டா எரியாது.

தொண்டி_ஜீப்:
காக்கா என்னையத்தான் சொல்றாரு 😀

கீழக்கரை_காக்கா:
உன்னையத்தான் வாப்பா. அதோட வெள்ளை எல்.இ.டி.ய வாங்கிச் சிவப்புக் கண்ணாடிக்குள்ள போட்டா வெளிச்சம் செத்துப் போகும். அந்த வெள்ளையில சிவப்பு கம்மி, கண்ணாடி மத்ததைத் தடுத்துரும். போடுறதா இருந்தா சிவப்பு எல்.இ.டி. போடணும். நம்பர் பிளேட்டுக்கு வெளிச்சம் அதே லைட்டோட அடிப்பக்க ஜன்னல் வழியா வர்ற வண்டின்னா அதுவும் ஆகாது, பிளேட் சிவப்பாத் தெரியும்.

மண்டபம்மார்க்2:
காக்கா, பேட்டரி பாத்தேன். பிளஸ்தான் பாடிக்குப் போகுது. நல்ல வேளை கேட்டீங்க, வர்ற வாரம் எஃப்.எம். ரேடியோ வாங்குறதா இருந்தேன்.

வயர்மேன் அண்ணே, நட்டு விஷயம் நீங்க சொன்னபடியேதான். போட்டோ ஏறமாட்டேங்குது, எழுதிக் காட்டுறேன். டிக்கிக்குள்ள இடது மூலையில லைட்டோட ரெண்டு ஸ்டட் வருது. ஒண்ணுல நட்டு, வாஷர் எல்லாம் சேர்த்து மேலயே வெள்ளைப் பெயிண்ட், நட்டோட முனை தெரியாத அளவுக்கு. இன்னொண்ணுல நட்டே இல்ல. வலது பக்கம் ரெண்டு நட்டும் இருக்கு, ஒண்ணுல பெயிண்ட் உரிஞ்சு பளபளப்பு தெரியுது. நீள வயர் வச்சு டெஸ்ட்லேம்ப் சார் சொன்னபடி பாத்தேன். பெரிய இழை கண்ணு கூசுற மாதிரி எரிஞ்சது.

டெஸ்ட்லேம்ப்:
முடிஞ்சது. மொத்த வயரிங்க உருவச் சொன்னவருக்கு ஒரு நட்டுல வேலை முடிஞ்சதுன்னு சொல்லுங்க.

பாம்பன்வயர்மேன்:
முடியல சார். நட்டச் சுரண்டி முறுக்கிவிட்டா அடுத்த கச்சான் காத்துக்கு, அதான் மேல்காத்துக்கு, திரும்ப வரும். தம்பி, பாடிய நம்பாத. இப்படிச் செய்.

இடது ஹோல்டர், வலது ஹோல்டர், நம்பர் பிளேட் லைட், மூணுலயும் கூட்டுல ஒரு கறுப்பு வயர் பத்தவை. ஈயம் வச்சுப் பத்தவை, முறுக்கிவிட்டு டேப் சுத்தாத. 1.5 சதுர மில்லி வயர் போதும், கிடைச்சா ஈயம் பூசின செம்பு வயர் வாங்கு. படகுக்குப் போடுறது அதுதான், உள்ள கறுக்காது. மூணையும் டிக்கியில ஒரே இடத்துக்குக் கொண்டு வா. அடிச்சட்டத்துல நல்ல கனமான போல்ட் பாத்து, சுத்தி உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி தேச்சு, ரிங் டெர்மினல், ஸ்டார் வாஷர், நட்டு. முறுக்கி முடிச்ச பிறகு மேல வாசலின் பூசு. இன்னொரு கறுப்பு வயர அங்க இருந்து எஞ்சினுக்கோ பேட்டரிக்கோ இழுத்துட்டா இன்னும் நல்லது.

வயர வெட்டுறப்ப உள்ள பாரு. செம்பு சிவப்பா இருக்கணும். கறுத்து இருந்தா சிவப்பு தெரியிற வரைக்கும் பின்னாடி பின்னாடி வெட்டு. உப்புத் தண்ணி தோலுக்குள்ள ஏறி ஒரு முழத்துக்குக்கூடப் போயிருக்கும். கறுத்த செம்புல ஈயம் ஒட்டாது, ஒட்டின மாதிரி நடிக்கும்.

தேவிபட்டினம்_பியட்:
வாசலின முறுக்குறதுக்கு முன்னாடியே பூசலாமா? எங்க பட்டறைக்காரர் அப்படித்தான் செய்வார்.

பாம்பன்வயர்மேன்:
நான் பின்னாடிதான் பூசுவேன்.

டெஸ்ட்லேம்ப்:
முன்னாடி பூசினாலும் கெடாது. நட்ட முறுக்குற அழுத்தத்துல உலோகம் உலோகத்தத் தொட்டுரும், கிரீஸ் சந்து பொந்துல போய் உக்காந்து தண்ணிய வெளியவே நிறுத்தும். பல்பு ஹோல்டருக்குள்ள மட்டும் பொட்டு வைக்கிற இடத்துல அள்ளி அப்பக்கூடாது, மெல்லிசாப் பூசினா போதும். இதுல சண்டை போட ஒண்ணும் இல்ல.

பாம்பன்வயர்மேன்:
சண்டை இல்ல சார். கையில வாசலின் இருந்தா ஸ்பேனர் வழுக்குது, அவ்வளவுதான் காரணம் 😄

உச்சிப்புளி_புல்லட்:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நம்மது 6 வோல்ட் புல்லட். எனக்குப் பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது. இதுவும் எர்த்தா?

டெஸ்ட்லேம்ப்:
இல்ல. உங்களுக்குப் பிரேக் பெடல் பக்கத்துல ஸ்பிரிங் இழுக்கிற சுவிட்ச். ஸ்பிரிங் அதிகம் இழுபட்டு நிக்குது, இல்ல பெடல் முழுசாத் திரும்பல. சுவிட்ச் உடம்புல இருக்கிற நட்டத் தளர்த்தி சுவிட்ச கொஞ்சம் ஸ்பிரிங் பக்கமா நகர்த்துங்க. பெடல் அரை அங்குலம் அசைஞ்ச பிறகு எரியிற மாதிரி வைங்க. சும்மா எரிய விட்டா பேட்டரி காலி ஆயிரும், 6 வோல்ட்டுல அதே 21 வாட்டுக்கு 3.5 ஆம்பியர் போகும். மேற்கொண்டு இருந்தா தனிப் பதிவு போடுங்க, இங்க அம்பாசடர் குழம்பிரும்.

சாயல்குடிசாமி:
அடிச்சட்டம், போல்ட் எல்லாம் சரி. அந்த ஹோல்டர மறுபடியும் போடலாமா இல்ல புதுசு வாங்கணுமா? என் வண்டியில உள்ள ஸ்பிரிங் பொட்டு ரெண்டும் சப்பிப் போயிருச்சு.

பாம்பன்வயர்மேன்:
ஹோல்டருக்குள்ள இருக்கிற அட்டை உடைஞ்சிருந்தாலோ ஸ்பிரிங் துருப்பிடிச்சு எழும்பாம இருந்தாலோ மாத்திரு. நல்லா இருந்தா பச்சைக் களிம்ப எலுமிச்சம்பழமும் பழைய டூத் பிரஷும் வச்சுத் தேச்சு, நல்ல தண்ணியில கழுவிக் காயவச்சுப் போடு. போர் தண்ணியில கழுவாத. நம்ம ஊர்ல பாதி போர் உப்புத்தான். கார்கள அந்தத் தண்ணியில கழுவி வெயில்ல நிறுத்துற ஆளுங்கள நான் தினம் பாக்குறேன்.

புதுசு வாங்குறப்ப ஒண்ணு பாரு. ரெட்டை இழை பல்போட பக்கத்துல இருக்கிற ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. திருப்பிப் போடக்கூடாதுன்னுதான் அப்படி. ஹோல்டர் தேஞ்சு போனா திருப்பியும் நுழைஞ்சுரும். நுழைஞ்சா டெயில் பிரேக் அளவுக்கு எரியும், பிரேக் டெயில் அளவுக்கு எரியும். ராத்திரி பின்னாடி வர்றவனுக்கு எரிச்சல்.

மண்டபம்மார்க்2:
அண்ணே, வேலை முடிஞ்சது. மூணு லைட்டுக்கும் கறுப்பு வயர் இழுத்து, பின் சீட்டுக்குக் கீழ அடிச்சட்ட போல்ட்டுல கொடுத்தாச்சு. ஹோல்டருக்கு வர்ற சிவப்பு வயர் இடது பக்கம் ஒரு சாண் தூரத்துக்கு உள்ள கறுத்துக் கிடந்தது, வெட்டிட்டு ஜாயின்ட் போட்டேன். இப்ப டெயில், பிரேக் ரெண்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எரியுது. நம்பர் பிளேட் மினுங்குறதும் நின்னுருச்சு.

ஆனா புதுசா ஒண்ணு தெரியுது. லைட் நல்லா ஆன பிறகுதான் கவனிக்கிறேன். பெடல மெதுவா மிதிச்சா பிரேக் லைட் வர்றதே இல்ல. வண்டி நிக்கிற அளவுக்கு அழுத்தினாத்தான் வருது. சுவர்ல வெளிச்சம் பட வச்சுப் பாத்தேன், மிதிச்சு ஒரு இடைவெளி விட்டுத்தான் எரியுது.

கீழக்கரை_காக்கா:
அது வேற சமாச்சாரம். இந்த வண்டியில பிரேக் லைட் சுவிட்ச் பெடல்ல கிடையாது. பிரேக் பைப் லைன்ல முறுக்கி இருக்கும், ரெண்டு டெர்மினல். ஆயில் அழுத்தம் ஏறினா உள்ள தகடு தள்ளி கனெக்ஷன் கொடுக்கும். பழசானா தகடு விறைச்சுப் போகும். பிரேக் பிடிக்கிறதுல மாத்தம் தெரியாது, லைட் மட்டும் தாமதமா வரும். இல்ல வராமலே போகும்.

வண்டிக்குக் கீழ போய், இக்னிஷன் ஆன் பண்ணி, அந்த ரெண்டு டெர்மினலையும் ஒரு துண்டு வயரால சேத்துப் பாரு. லைட் பளிச்சுன்னு வந்தா சுவிட்ச் போச்சு. வரலன்னா வயர்லயோ ஃபியூஸ்லயோ பாரு. பச்சை வயர்ல கரண்டு வந்து, பச்சையில ஊதாக் கோடு போட்ட வயர்ல பின்னாடி போகும், பழைய லூகாஸ் கம்பெனி வயரிங் கணக்கு. வண்டிய ஜாக்கியில மட்டும் நிறுத்திட்டு அடியில படுக்காத, கட்டை வை.

டெஸ்ட்லேம்ப்:
காக்கா சொன்னதோட ஒண்ணு. பிரேக் லைட் மட்டும் இல்லாம வைப்பரும் பெட்ரோல் மீட்டரும் சேர்ந்து வேலை செய்யலன்னா சுவிட்ச தொட வேண்டாம், ஃபியூஸ் கட்டையில ஏ3, ஏ4 இடத்தப் பாருங்க. எல்லாம் அந்தப் பச்சை வயரோட பிள்ளைங்கதான். கிளிப் களிம்பு பிடிச்சு லூசா இருந்தாலும் ஃபியூஸ் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும்.

மண்டபம்மார்க்2:
சேத்துப் பாத்தேன் காக்கா. தொட்ட உடனே வந்துருச்சு. சுவிட்ச்தான். அதச் சுத்தி ஈரமா பிசுபிசுன்னு இருக்கு. நானே மாத்தலாமா?

கீழக்கரை_காக்கா:
ஈரம் இருந்தா காத்திருக்கிற விஷயமே இல்ல. அது பிரேக் ஆயில் கசிவு. இன்னைக்கு லைட் போகும், நாளைக்குப் பெடல் போகும். வண்டிய எடுக்காத.

மாத்துறது பெரிய வேலை இல்ல. கழட்டின சுவிட்ச எடுத்துக்கிட்டுப் போய் அதே மரை உள்ளதா வாங்கு. சிலதுக்கு வாஷர் உண்டு, சிலது டேப்பர் மரை, இறுக்க இறுக்கத் தானா அடைச்சுக்கும். டெஃப்லான் டேப் சுத்தாத. பிளம்பர் பழக்கம் அது. துண்டு பிஞ்சு ஆயில்ல போனா சிலிண்டர் வாசல்ல போய் உக்காரும். சுவிட்ச கழட்டின உடனே புதுசப் போடு, ஆயில் சொட்டிக்கிட்டே இருக்கும். டேங்க்ல ஆயில் அளவு இறங்காமப் பாத்துக்க. போட்டு முடிச்சு நாலு வீல்லயும் பிரேக் பைப்புக்குள்ள புகுந்த ஏர் எடு. பெடல் பஞ்சு மாதிரி இறங்கினா ஏர் இருக்குன்னு அர்த்தம், மறுபடி எடு.

முக்கியமா, பிரேக் ஆயில் புதுப் பெயிண்டுல பட்டா பெயிண்ட் பொரிஞ்சுரும். பட்ட உடனே தண்ணி ஊத்திக் கழுவு, துணியால தேய்க்காத.

சாயல்குடிசாமி:
அந்தச் சுவிட்ச் அடிக்கடி போகுதுன்னு சொல்லி எங்க ஊர்ல பெடல்ல புல்லட் சுவிட்ச் மாட்டி விடுறாங்க. ஸ்பிரிங் இழுத்தா எரியும். நல்லதா?

கீழக்கரை_காக்கா:
வேலை செய்யும். பைப் லைன் வாசல நல்லா அடைச்சுட்டு மாட்டினாச் சரி. பழைய கசியிற சுவிட்ச அங்கேயே விட்டுட்டு வயர மட்டும் பெடலுக்கு மாத்துறான் பாரு, அவன் ஆபத்து.

தேவிபட்டினம்_பியட்:
ரிலே, அதான் சின்னக் கரண்டால பெரிய கரண்ட ஆன் பண்ற சுவிட்ச், அதப் போட்டா பிரேக் சுவிட்ச் ஆயுள் கூடுமாமே? 3.5 ஆம்பியர் முழுசும் சுவிட்ச் வழியாப் போகாம ரிலே வழியாப் போனா சுவிட்சுக்கு வேலை கம்மிதானே.

டெஸ்ட்லேம்ப்:
கணக்குப்படி சரி. ரிலே காயில் இழுக்கிறது அதுல ஒரு சின்னப் பங்குதான். சுவிட்ச் பொட்டு தீயாது.

பாம்பன்வயர்மேன்:
கணக்கு சரி, கரை சரியில்ல. ரிலே போட்டா நாலு டெர்மினல் கூடுது, நாலுலயும் களிம்பு பிடிக்கும். உள்நாட்டு வண்டின்னா போடுங்க, நான் தடுக்கல. கடல் பக்கத்து வண்டியில ஜாயின்ட் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நிம்மதி. போட்டே ஆகணும்னா வண்டிக்குள்ள டேஷ்போர்டுக்கு அடியில வைங்க, எஞ்சின் பக்கம் வைக்காதீங்க.

தொண்டி_ஜீப்:
2017ல தனுஷ்கோடி அரிச்சல்முனை வரைக்கும் ரோடு வர்றதுக்கு முன்னாடி, முகுந்தராயர் சத்திரத்துல இருந்து மணல்லயும் தண்ணியிலயும் ஜீப்பும் வேனும் ஓடுச்சே, அதுல எங்க மாமா வண்டியும் ஒண்ணு. டெயில் லைட் இருந்த இடத்துல ஓட்டைதான் இருக்கும். பிரேக்கே பிடிக்காத வண்டிக்குப் பிரேக் லைட் எதுக்குடான்னு கேப்பாரு.

பாம்பன்வயர்மேன்:
அந்த வண்டிகள எல்லாம் நான் பாத்திருக்கேன் மாப்ள. அச்சு வரைக்கும் கடல் தண்ணி. ஸ்பிரிங் பட்டை அப்பளம் மாதிரி பிய்யும். இப்ப தார் ரோடு, ஆனா காத்து அதே காத்து. ரெண்டு பக்கமும் கடல், நடுவுல வண்டி. போயிட்டு வந்தா அன்னைக்கே அடியில நல்ல தண்ணி அடிச்சுரணும். டிக்கி ரப்பர் கிழிஞ்சிருந்தா மாத்தணும், இல்லாட்டி டிக்கிக்குள்ள வந்து நிக்கிற தண்ணிதான் லைட்ட முதல்ல தின்னும்.

சாயல்குடிசாமி:
மண்டபம் தம்பி, 1969 வண்டின்னா ஐம்பது வருசம் தாண்டிருச்சே. விண்டேஜ் வண்டிக்குக் கொடுக்கிற வி.ஏ. நம்பருக்குப் போடுறியா?

மண்டபம்மார்க்2:
யோசிச்சு வேண்டாம்னு விட்டுட்டோம் அண்ணே. 2021ல வந்த அந்த விதிப்படி பதிவுக் கட்டணம் 20,000, பத்து வருசத்துக்கு. அது பரவாயில்ல. அந்த நம்பர் வாங்கினா அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. மாமாவுக்கு வெள்ளிக்கிழமை ராமநாதபுரம் போகணும், ஞாயித்துக்கிழமை ராமேஸ்வரம் போகணும். அதனால பழைய ஆர்.சி.யவே அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டு ஓட்டுறோம். அதுக்கு வண்டியக் காட்டப் போறப்ப பின் லைட் எரியாம நின்னா திருப்பி அனுப்பிருவாங்க, அந்தக் கவலையும் சேர்ந்துதான் இங்க கேட்டேன்.

சுவிட்ச் இன்னும் கிடைக்கல. மதுரைக்குச் சொல்லி விட்டிருக்கு.

கீழக்கரை_காக்கா:
வர்ற வரைக்கும் வண்டி ஷெட்டுலயே நிக்கட்டும். ஆயில் அளவ மட்டும் அப்பப்ப பாரு.

மண்டபம்மார்க்2:
சுவிட்ச் வந்துருச்சு, மாட்டியாச்சு. காக்கா சொன்னத மனசுல வச்சு பெயிண்டு மேல நிறைய துணி போட்டு மூடிட்டுத்தான் செஞ்சோம், பெயிண்டுக்கு ஒண்ணும் ஆகல. ஏர் எடுக்கிறப்ப பின் இடது வீல்ல மட்டும் குமிழி வந்துக்கிட்டே இருந்தது, ரொம்ப நேரம் பிடிச்சது. இப்ப பெடல் மேலயே நிக்குது. விரலால அழுத்தினாலே லைட் வருது.

நேத்து ராத்திரி தம்பிய பின்னாடி பைக்குல வரச் சொல்லி தங்கச்சிமடம் வரைக்கும் போயிட்டு வந்தோம். பாலத்துல ரெண்டு இடத்துல பிரேக் போட வேண்டி வந்தது. நல்லாத் தெரியுதுன்னு சொன்னான்.

வயர்மேன் அண்ணே, ஒரே ஒரு கேள்வி. முன் பார்க் லைட் ரெண்டும் இதே மாதிரி பாடி எர்த்துதான். அதையும் இப்பவே மாத்திரலாமா, இல்ல கெட்ட பிறகு பாக்கலாமா?

பாம்பன்வயர்மேன்:
இப்பவே மாத்து. முன்னாடி மட்கார்டு தனியா போல்ட் போட்டு நிக்குது, எர்த் அந்த போல்ட் வழியாத்தான் போகணும், பின்பக்கத்த விட மோசம். ஹெட்லைட்டுக்கும் சேத்து ஒரு கறுப்பு வயர் இழுத்துரு, ஆனா அதுக்கு 2.5 சதுர மில்லி போடு. கையில ஆள் இல்லன்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், படகு எல்லாம் கரையில. அப்ப வண்டிய பாம்பனுக்குக் கொண்டு வா, சேந்து பாத்துரலாம். பல்பு வாங்கிட்டு வராத, என்கிட்ட இருக்கு.